பல் மருத்துவத்தின் தந்தை

சேலத்திலிருந்து மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காட்டை அடையலாம். அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே மேலும் சில கல் தொலைவு சென்றால், சேர்வராயன் மலையின் தலைப்பகுதியிலே பரந்ததொரு புல்வெளி தோன்றும். அங்கே குகையொன்றில் சேர்வராயனும் காவேரியம்மனும் கோயில் கொண்டுள்ளனர். கடல் மட்டத்திற்கு மேல் 5,300 அடிக்கும் மிகுந்த உயரத்தில் அமைந்த அக்கோயிலுள் நிமிர்ந்து செல்ல இயலாது. குனிந்தே செல்லுதல் வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் நிகழும் திருவிழாவின்போது மலையூர் மக்கள் எல்லாரும் அங்கே திரளுவர். அவர்கள் மலையாளிகள் என்னும் பெயருடையவர்கள். கேரள நாட்டாரல்லர், மலையில் வாழ்வதனால் அப்பெயர் பூண்ட தமிழ் மக்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்திருவிழாவிற்கு யான் சென்றிருந்தேன். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் பாறையொன்றின்மேல் அமர்ந்து, பொரியையும் வறுத்த கடலையையும் கலந்து மென்றுகொண்டிருந்தார். அவ்வயதில் அத்துணை உறுதியான பல்வரிசையா என வியந்து யான் நோக்குவதைக் கண்ட அவர், நகைத்துக்கொண்டே வாயில் விரலை இட்டு, மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் கையில் எடுத்துக் காட்டிவிட்டு, மீண்டும் பொருத்திக்கொண்டார். பல்செட்டு என்று நாம் வழங்குகின்றோமே, அதுவே அஃது. சேலத்திற்குச் சென்று கட்டிக்கொண்டு வந்ததாகக் கூறினார்.

அதற்குமுன் ஐந்தாறு ஆண்டுகள் அவர் கூழையும் களியையும் விழுங்கியே உயிர் வாழ்ந்தாராம். ஆயினும், உணவைக் காட்டிலும் அவரை வருத்தியது வேறொன்று. பற்கள் விழுந்தபின், தம் குலதெய்வத்தின் பெயரையே அவரால் திருத்தமாகச் சொல்ல இயலவில்லை. வாயிலிருந்து காற்றே மிகுதியாக வந்தது, பேரப்பிள்ளைகள் நகைத்தனர். அதனால் கோயிலிலும் அவர் வாய் திறவாது நின்றார். இதனைக் கேட்டவுடன் என் நினைவு தொல்காப்பியரிடம் சென்றது. பல்லும் இதழும் இயையும்போது வகரம் பிறக்கும் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவர் வரையறுத்திருக்கின்றார். சேர்வராயன் என்னும் பெயரின் நடுவே நிற்பது அவ்வெழுத்தன்றோ! பல்லில்லாதவர் வாயில் அப்பெயர் எங்ஙனம் உருப்பெறும்? பல் என்பது உணவை அரைக்கும் கருவி மட்டுமன்று. மொழியைப் பிறப்பிக்கும் கருவியுமாம். தமிழ் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு இவ்வுண்மை அன்றுதான் முழுதும் விளங்கியது.

தமக்குப் பல் கட்டிய மருத்துவரைப் பெரியவர் வாழ்த்தினார். பற்களைச் செய்து கொடுத்தவர் வேறொருவர் என்றும், அவரைத் தாம் கண்டதேயில்லை என்றும் சொல்லி, அவரையும் வாழ்த்தினார். அவர் அறியாத மூன்றாமவர் ஒருவர் உளர். இக்கலையை முறையாகக் கற்பிக்கும் கல்லூரி நம் நாட்டில் ஒன்றேனும் இல்லாதிருந்த காலத்தில், தம் கைப்பொருளைக் கொண்டு அதனைத் தொடங்கியவர் அவர். டாக்டர் இரபியுத்தீன் அகமது என்னும் அப்பெருந்தகையின் வரலாற்றையே இப்பாடத்தில் காணப்போகின்றோம்.

அகமது 1890-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்திலே, டாக்கா நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அப்பகுதி இப்போது வங்காளதேச நாட்டைச் சேர்ந்தது. அவர் பிறந்த ஆண்டிலேதான் மில்லர் என்னும் அறிஞர் வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பற்சொத்தைக்குப் புழுவே காரணம் என உலகெங்கும் நம்பியிருந்தனர். நம் நாட்டிலும் சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்றே இன்றும் சொல்லுகின்றோம். உண்மையில் அங்கே புழுவில்லை. நாம் உண்ணும் இனிப்பும் மாவும் பல்லிடுக்கில் தங்க, வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்கின்றன. அதனால் தோன்றும் அமிலம் பல்லின் வன்மையான மேற்பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகின்றது. இதனை ஆராய்ந்து விளக்கியவர் மில்லர்.

டாக்காவிலும் அலிகாரிலும் பயின்ற அகமது, 1909-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். அக்காலத்தில் மேல்படிப்பை விரும்பிய இந்திய இளைஞர் பெரும்பாலும் இங்கிலாந்திற்கே சென்றனர். சட்டமோ பொது மருத்துவமோ கற்றுத் திரும்பினர். இவரோ பல் மருத்துவத்தைத் தேர்ந்தார். உலகின் முதற் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றியது. ஆகவே இக்கலையைக் கற்க விரும்பியவர் அந்நாட்டை நாடியது பொருத்தமேயாகும். அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் பாஸ்டன் நகரிலுள்ள பார்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-இல் திறக்கப்பெற்ற அம்மருத்துவமனை குழந்தைகளுக்கென்றே அமைந்தது. செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கன்று. நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு. பல் வலித்த பின் பிடுங்குவதைக் காட்டிலும், பல் கெடாமற் காப்பதே சிறந்த மருத்துவம் என்னும் கொள்கை அங்கே நாள்தோறும் செயலாகி வந்தது. அதனைக் கண்ணாரக் கண்ட இளைஞர், அங்கேயே தங்கிப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். ஆயினும் உலகப் போர் முடிந்தபின், 1919-இல் அவர் தாய்நாடு திரும்பினார்.

அந்நாளில் நம் நாட்டிற் பல் மருத்துவத்தின் நிலை யாது? நம் முன்னோர் ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கி வந்தனர். அது நல்ல வழக்கமே. ஆனால் பல் கெட்டுவிட்டால் செய்வது யாதென்பது பலர்க்கும் தெரியாது. கிராம்பை வைத்துக் கடித்தனர், மந்திரித்தனர், வலி பொறுக்கவொண்ணாதபோது, நடைபாதையில் குறடுடன் அமர்ந்திருந்தவர்முன் வாயைத் திறந்தனர். அக்குறடு கொதிநீரைக் கண்டதோ இல்லையோ, யாரறிவார்? வலிக்கும் பல்லுக்கு மாறாக அண்டைப் பல் போய்விடுதலும் உண்டு. புண் சீழ்கொண்டு உயிருக்கே இடுக்கண் நேர்தலும் உண்டு. மேனாடுகளில் முறையாகக் கற்று வந்த மருத்துவர் சிலர் பெருநகரங்களில் இருந்தனர். அவர்களை எளியோர் அணுக முடியவில்லை.

இந்நிலையை மாற்றவேண்டுமாயின் ஒரு மருத்துவர் போதார். மருத்துவர்களை உண்டாக்கும் கல்லூரி வேண்டும் என்பதை அகமது உணர்ந்தார். கல்லூரிக்குப் பொருள் வேண்டுமே! அதற்கு அவர் கண்ட வழி கேட்போர்க்கு நகைப்பை விளைக்கும். கல்கத்தா நகரிலே நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் கடையைத் தொடங்கினார். பனிக்கூழும் குளிர்ந்த இன்சுவைப் பானமும் விற்கும் கடை அது. பல்லைக் கெடுப்பதில் இனிப்புக்கு நிகரான பொருள் வேறில்லை. அதனை விற்ற பொருளைக் கொண்டு பல்லைக் காக்கும் கல்லூரியை நடத்த முற்பட்டார் அவர்! இதனை முரண் என்பார் இருக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அமெரிக்கப் பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவர், கடை வைத்தல் தம் தகுதிக்கு இழுக்கு என்று கருதவில்லை. அது ஒன்றே அவர் எத்தகையவர் என்பதைக் காட்டும்.

இங்ஙனம் 1920-இல் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரி கல்கத்தாவில் தோன்றியது. முதலில் வந்து சேர்ந்த மாணவர் பதினொருவரே. பயிற்சிக் காலம் தொடக்கத்தில் குறுகியதாகவே இருந்தது. பின்னர்ப் படிப்படியாக நீண்டு நான்காண்டுப் படிப்பாக வளர்ந்தது. அந்நாளில் பல் பிடுங்குவதையும் ஒரு படிப்பென்று கருதிப் பெற்றோர் தம் மக்களை அனுப்புதல் அரிது. கற்று வெளிவந்தவர்க்கோ சட்டத்தின் காப்பில்லை. கல்லாதவரும் தம் வீட்டு வாயிலில் பல் மருத்துவர் எனப் பலகை தொங்கவிடலாம், தடுப்பாரில்லை. ஆதலால், கல்லூரி நடத்துவதோடு அகமதுவின் கடமை முடியவில்லை. ஆசிரியராய், முதல்வராய், பொருள் தேடுபவராய் அவர் ஒருவரே பல பணிகளையும் சுமந்தார்.

அக்கல்லூரியிற் பயின்றோருள் பாத்திமா ஜின்னா அம்மையார் ஒருவர். பாகிஸ்தானை நிறுவிய முகம்மதலி ஜின்னாவின் தங்கை அவர். 1923-இல் பம்பாய் நகரிலே பல் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் மருத்துவத் துறையில் நுழைவதே அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

1925-இல் அகமது வங்காளப் பல் மருத்துவச் சங்கத்தை நிறுவினார். இந்தியப் பல் மருத்துவச் சங்கத்திற்கு அதுவே வித்தாயிற்று. அவ்வாண்டிலேயே பல் மருத்துவத்திற்கெனத் திங்களிதழ் போன்றதொரு இதழையும் தொடங்கி, 1946 வரையில் அதன் ஆசிரியராய் விளங்கினார். 1928-இல் மாணவர்களுக்கெனப் பல் சிகிச்சை பற்றிய கைந்நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். கல்லூரி, சங்கம், இதழ், நூல் ஆகிய நான்கும் ஒருவர் கையால் எட்டாண்டுகளில் அமைந்தன.

இனி, பெரியவர் கண்டிராத அந்த இரண்டாமவரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். செயற்கைப் பற்களைச் செய்யும் கூடத்தை மக்கள் டென்டல் லேப் என்பர். நோயாளி அங்கே செல்வதில்லை. அவர் வாயின் படிவமே செல்கின்றது. மருத்துவர் மென்மையான பசையொன்றைச் சிறு தட்டிலிட்டு நோயாளியின் ஈற்றின்மேல் அழுத்துகின்றார். சிறிது நேரத்தில் அஃது இறுகி, ஈற்றின் மேடு பள்ளம் அனைத்தையும் வாங்கிக்கொள்ளும். அவ்வச்சில் பாரிஸ் சாந்து போன்ற மாவைக் கரைத்து வார்த்தால், ஈற்றின் உருவம் கல்லாய் நிற்கும். கூடத்துக் கலைஞர் அதன்மேல் மெழுகு கட்டி, அதிலே பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார். அது மருத்துவரிடம் திரும்பி வந்து, நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கப்பெறும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒருங்கே கூடுகின்றனவா, உதடு பிதுங்குகின்றதா, பேச்சுத் தெளிவாக வருகின்றதா என்றெல்லாம் ஆராய்ந்து, திருத்தம் எழுதி மீண்டும் அனுப்புவார் மருத்துவர். அதன்பிறகே மெழுகை நீக்கி, அவ்விடத்தில் நிலையான பொருளை நிரப்பி, வெப்பத்தால் இறுகச் செய்து மெருகிடுவர்.

அகமது மாணவராயிருந்த நாளில், கந்தகம் சேர்த்து இறுக்கிய இரப்பரே அந்நிலையான பொருளாயிருந்தது. அதன் நிறம் ஈற்றின் நிறத்தை ஒத்திராது. 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் பொருள் வந்தபின்னரே ஈற்றின் இளஞ்சிவப்பைப் பெற முடிந்தது. பொன்னால் பல் வார்க்கும் முறையொன்றும் உண்டு. பல்லுக்கு வேண்டிய வடிவத்தை மெழுகால் செய்து, அதனைச் சுற்றி மண்போன்ற பூச்சிட்டுச் சுடுவர். மெழுகு உருகி மறைந்த வெற்றிடத்தில் உருகிய பொன் புகும். 1907-இல் டாகர்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனைப் பல் மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். சுவாமிமலைச் சிற்பியர் ஐம்பொன் திருமேனிகளை வார்க்கும் முறையும் இதுவேயன்றோ! சோழர் காலத்துக் கைத்திறன் பல் மருத்துவனுக்கும் உறவாதல் இனிய செய்தி. இக்காலத்திலோ வாயினுள் சிறு கருவியைச் செலுத்தி, ஒளியாலேயே பற்களை அளந்து, கணிப்பொறியில் வரைந்து, சிர்க்கோனியா என்னும் கடினமான கட்டியை எந்திரத்தாற் கடைந்து பல் செய்கின்றனர்.

கருவி எதுவாயினும் ஓர் உண்மை மாறவில்லை. மயிரிழை அளவு உயரம் மிகுந்தாலும் வாய் அதனை உணரும். அப்பல் உறுத்தும், புண்ணாக்கும், இறுதியில் பெட்டிக்குள் உறங்கும். மருத்துவர் எடுத்த படிவம் பிழையாயின், கலைஞரின் கைத்திறன் பயன்படாது. கலைஞர் பிழை செய்தால், மருத்துவரின் புலமை பயன்படாது. ஒருவரையொருவர் நம்பியே இருவரும் பணியாற்ற வேண்டியவர்கள்.

இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வேண்டும் என்று அகமது இடைவிடாது முயன்றார். 1939-இல் வங்காள மாகாணத்தில் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. நாடு விடுதலை பெற்றபின், 1948-இல் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பல் மருத்துவரை மட்டும் கருதவில்லை. பற்களைத் தூய்மை செய்யும் உதவியாளரையும், செயற்கைப் பல் செய்யும் கலைஞரையும் தனித்தனிப் பதிவேடுகளில் சேர்க்க வழிவகுத்தது. திரைக்குப் பின்னே இருந்தவர்க்குச் சட்டத்தின் ஏட்டிலே ஓரிடம் கிடைத்தது. 1949-இல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் அமைந்தது.

அவ்வாண்டிலேயே அகமது மற்றொரு செயலைச் செய்தார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் தம் பொருளாலும் உழைப்பாலும் வளர்த்த கல்லூரியை, மேற்கு வங்காள அரசுக்கு நன்கொடையாக வழங்கிவிட்டார். விற்றிருந்தால் பெருஞ்செல்வம் கிடைத்திருக்கும். தம்மிடமே வைத்திருந்தால் அவர் குடும்பத்திற்கு வழிவழியாக வருவாய் வந்திருக்கும். தனி ஒருவர் ஆயுளோடு கல்லூரியின் ஆயுளும் முடிந்துவிடலாகாது என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அந்நாளில் வங்காளம் இருகூறாய்ப் பிரிந்திருந்தது. அவர் பிறந்த ஊர் பாகிஸ்தான் ஆயிற்று. அவரோ இந்தியாவிலேயே தங்கினார். தாம் வளர்த்த கல்லூரியும் இந்நாட்டிற்கே உரியதாயிற்று.

1950-இல் மேற்கு வங்காள அமைச்சரவையில் அவர் இடம்பெற்றார். அப்போது முதலமைச்சராயிருந்த பிதான் சந்திர ராயும் புகழ்வாய்ந்த மருத்துவரே. வேளாண்மை, கூட்டுறவு முதலிய துறைகளோடு, அகதிகளின் துயர் துடைக்கும் துறையும் அகமதுவின் பொறுப்பில் இருந்தது. வீடிழந்து, நிலமிழந்து எல்லையைக் கடந்து வந்த பல்லாயிரவர் அந்நாளிற் கல்கத்தாவைச் சூழ்ந்திருந்தனர். 1962 வரையில் அவர் அமைச்சராகப் பணியாற்றினார். 1964-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதை அவருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டில், 1965-இல், அவர் இயற்கை எய்தினார். அவர் நிறுவிய கல்லூரி இன்று அவர் பெயராலேயே டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என வழங்குகின்றது. அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாளை நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

தமிழ்நாட்டில் 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து பல் மருத்துவப் படிப்புத் தொடங்கியது. பின்னர்ப் பல ஊர்களில் அத்தகைய கல்லூரிகள் தோன்றின. சேர்வராயன் மலையடியில் உள்ள சேலத்திலும் உண்டு. மலையூர்ப் பெரியவர் தம் பற்களைத் தேடிக் கல்கத்தாவிற்கோ சென்னைக்கோ செல்ல நேரவில்லை. காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பினார்.

இவற்றையெல்லாம் யான் அவரிடம் விரித்துரைக்க அன்று பொழுதில்லை. கல்கத்தாவில் பனிக்கூழ் விற்றுப் பல் மருத்துவம் வளர்த்த ஒருவர் இருந்தார் என்று மட்டும் கூறினேன். அவர் சிறிது நேரம் சிந்தித்து, அம்மனிதரின் பெயர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அப்பெயரை அவர் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின்னர், எஞ்சிய கடலையைத் துணியில் முடிந்துகொண்டு எழுந்து, குகை வாயிலில் குனிந்து உள்ளே சென்றார். சேர்வராயனை அவர் விளித்த குரல், ஓரெழுத்தும் சிதையாமல், வெளியே நின்ற என் காதிலும் விழுந்தது.